ஹாலோவீன் எண்ட்ஸ்: மைக்கேலைக் காணோம் என்று அத்தனை பேருக்கும் ஏன் அவ்வளவு கோபம்?

மூணாம்வரிசை (டர்பன்)

முகமூடிக் கொலைகாரன் மைக்கேலும் அவனிடம் உயிர்தப்பிய லோரியும் மோதும் ஹாலோவீன் பட வரிசையில், 2018இல் புதிதாகத் தொடங்கிய மூன்று படங்களில் கடைசிதான் ஹாலோவீன் எண்ட்ஸ். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதையை முழுக்க உடைத்துத்தான் பேசப்போகிறேன். படம் பார்க்காதவர்கள் இப்படியே திரும்பிவிடுங்கள், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

2022 அக்டோபரில் இந்தப் படம் வந்தபோது எங்கள் வீட்டில் புரட்டாசி. ஆயா இருக்கும் வீட்டில் புரட்டாசி என்றால் முட்டை போட்ட பிஸ்கட் கூட வாசற்படி தாண்டாது, இதில் கழுத்தறுக்கும் படத்துக்குப் போகிறேன் என்று வாயைத் திறக்க முடியுமா. அமெரிக்காவில் 14ஆம் தேதி வெளியானது, அதாவது கடைசிப் புரட்டாசிச் சனிக்கு முந்தின நாள். மாதம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, தீபாவளிக்கு முன்னால் கிடைத்த நாலைந்து நாளில் பெரியப்பா பிள்ளைகள் மூன்று பேரும் நானும் அம்ஹ்லாங்கா பக்கம் போய்ப் பார்த்தோம். அதற்குள் இணையத்தில் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார்கள்.

ஆரம்பக் காட்சி நினைவிருக்கிறதா? கோரி என்ற பையன் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்துக்கொள்ள வருகிறான். அந்தச் சின்னப் பயல் விளையாட்டுக்கு அவனை மேல்மாடி அறையில் வைத்துப் பூட்டுகிறான். இவன் பயந்துபோய்க் கதவை உதைக்க, கதவு போய்ப் பிள்ளை மேல் மோத, பிள்ளை மாடிப்படிக் கம்பியைத் தாண்டி நேரே கீழே. பெற்றோர் சரியாக அந்த நொடி வீட்டுக்குள் வருகிறார்கள். தியேட்டர் முழுக்க மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கத்திக்குத்தும் இல்லை, முகமூடிக்காரனும் இல்லை. நான் பார்த்த ஸ்லாஷர் படங்களில், அதாவது ஒருவன் வரிசையாக ஆட்களை வெட்டிச் சாய்க்கும் படங்களில், இதைவிட நல்ல தொடக்கம் சொல்ல ரொம்ப யோசிக்கவேண்டும்.

அப்புறம்தான் வினை. கிட்டத்தட்ட நாற்பது நிமிடம் மைக்கேல் மையர்ஸ் கண்ணிலேயே படவில்லை. பின்வரிசையில் ஒருவன் எழுந்து நின்று, மைக்கேல் என்ன லீவில் போயிருக்கிறானா என்று கேட்டான், தியேட்டரே சிரித்தது, அந்தச் சிரிப்போடு படமும் கையைவிட்டுப் போனது. கடைசியில் லோரியும் மைக்கேலும் சமையலறையில் கட்டிப் புரளும் நேரம் பார்த்து லோட்ஷெடிங். திரை கருப்பு. ஜெனரேட்டர் உறுமி எழுந்திருக்க அரை நிமிடம் ஆனது, அந்த அரை நிமிடத்தில் யாரோ ஒரு பெண் போட்ட கூச்சல்தான் அன்றைக்கு நாங்கள் கேட்ட உருப்படியான ஒரே அலறல். வெளியே வந்து, விரதம் முடிந்த சந்தோஷத்தில் ஆளுக்குக் கால் ரொட்டி மட்டன் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றியது) வாங்கிக்கொண்டு கார் பானட் மேல் வைத்துத் தின்றபடி ஒரு மணி நேரம் படத்தைத் திட்டினோம். நானும்தான். சத்தமாகவே.

போன வாரம் வீட்டில் தனியாக மறுபடி பார்த்தேன். என்னய்யா இது, நல்ல படமாக இருக்கிறதே! அன்றைக்கு நாம் திட்டியது படத்தையா, போஸ்டரையா? மைக்கேலும் லோரியும் கடைசியாக மோதும் படம் என்று விற்றார்கள், உள்ளே இருந்தது ஒரு ஊர் ஒரு பையனைப் பேயாக்கிய கதை. பொட்டலத்தில் எழுதியிருந்தது ஒன்று, உள்ளே இருந்த சரக்கு வேறு. அதற்காகச் சரக்கு கெட்டது என்று சொல்லலாமா?

பீனிக்ஸ்_அக்கா

சொல்லலாம் தம்பி. கேக் என்று பெட்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே நல்ல இட்லி வைத்திருந்தால் நான் இட்லி நன்றாக இருக்கிறது என்று சாப்பிட மாட்டேன், பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் பார்ப்பேன்.

2018 படத்தை முதல் நாளே பார்த்தவள் நான். பழைய தொடர்ச்சிப் படங்கள் எதுவும் நடக்கவே இல்லை, லோரி மைக்கேலின் தங்கை என்ற கதையும் கிடையாது என்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, நாற்பது வருடமாக ஒருவனுக்காக வீட்டைக் கோட்டை மாதிரிக் கட்டிக்கொண்டு காத்திருந்த கிழவியைக் காட்டினார்கள் பாருங்கள், என் அம்மா வயதுப் பெண் கையில் துப்பாக்கியோடு நிற்பதைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 2021இல் வந்த ஹாலோவீன் கில்ஸ் படம் முழுக்க அவளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். சரி, மூன்றாவதில் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மூன்றாவதில் அவள் பூசணிக்காய் கேக் சுட்டு, புத்தகம் எழுதி, பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிறாள்! மகளைக் கொன்றவன் நாலு வருடமாக எங்கே இருக்கிறான் என்றே தெரியாது, இவள் ஜன்னலுக்குத் திரை போட்ட புது வீட்டில் நிம்மதியாக இருக்கிறாளாம். இதை எந்தத் தாய் நம்புவாள்?

மைக்கேல் வரவில்லை என்பது என் கோபமே இல்லை. லோரி வரவில்லை.

சாண்ட்டன்_தமிழன்

சென்னையிலிருந்து வேலைக்கு வந்து ஜோகன்னஸ்பர்க்கில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை நான், அதனால் கணக்காகவே பேசுகிறேன். அமெரிக்காவில் முதல் வார இறுதி வசூல்: 2018 படத்துக்கு 7.6 கோடி டாலர், கில்ஸுக்கு 4.9 கோடி, எண்ட்ஸுக்கு 4 கோடி. தியேட்டரை விட்டு வெளியே வருகிறவர்களிடமே மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோர் அட்டையில் முதலாவதற்கு பி பிளஸ், இரண்டாவதற்கு பி மைனஸ், மூன்றாவதற்கு சி பிளஸ். படிப்படியாக இறங்கும் பிள்ளையின் ரிப்போர்ட் கார்டு மாதிரி இருக்கிறது.

ஆனால் இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, பின்னால் வந்த இரண்டு படமும் அமெரிக்காவில் தியேட்டருக்கு வந்த அன்றே பீகாக் செயலியிலும் வந்துவிட்டன, வீட்டுச் சோபாவில் பார்த்தவன் கணக்கு இந்த 4 கோடியில் சேராது. இரண்டு, பேய்ப்படங்களுக்கு சினிமாஸ்கோர் எப்போதுமே கஞ்சத்தனமாகத்தான் விழும். பயந்துபோய் வெளியே வருகிறவன் சந்தோஷமாக மார்க் போட மாட்டான். ஆகவே சி பிளஸ் என்பது நாம் நினைக்கிற அளவுக்கு அவமானம் இல்லை. உலகம் முழுக்க 10 கோடி டாலரைத் தாண்டியது, போட்ட காசைவிடப் பல மடங்கு. தயாரிப்பாளர் அழவில்லை. ரசிகன்தான் அழுதான்.

கிரேத்தெருத்_தாத்தா

பிள்ளைகளே, இந்த அழுகை புதிதில்லை. இதே பெயரில் 1982இல் ஒரு மூன்றாம் பாகம் வந்தது தெரியுமா, ஹாலோவீன் 3, சீசன் ஆஃப் தி விட்ச். அதில் மைக்கேல் லீவு கூட இல்லை, வேலையை விட்டே போய்விட்டான்! இரண்டாம் பாகத்தின் முடிவில் அவனை எரித்தாயிற்று, இனி வருடா வருடம் ஹாலோவீனை வைத்து ஒரு புதுக் கதை சொல்லலாம் என்று முதல் படத்தை எடுத்த ஜான் கார்ப்பென்டரும் டெப்ரா ஹில்லும் நினைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் முகமூடிக்காரனைப் பார்க்கவந்த கூட்டம் கொதித்துப்போனது, 1988இல் நாலாம் பாகத்துக்குத் தலைப்பிலேயே மைக்கேல் திரும்பி வந்தான் என்று எழுதி ஆட்களைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்த எங்கள் காலத்துக் கதையையும் கேளுங்கள். டர்பனில் கிரே தெரு என்றால் இப்போது யூசுஃப் தாதூ தெரு. அந்தப் பக்கத்தில்தான் நம் ஆட்களின் தியேட்டர்கள் எல்லாம், அவலான், ஷா ஜஹான், ராஜ் என்று. வெள்ளைக்காரன் தியேட்டரில் நமக்கு இடம் கிடையாது. தணிக்கைக்காரன் ஒரே படத்தை வெள்ளையருக்குச் சரி, மற்றவருக்குக் கூடாது என்று எழுதிவைப்பான். வயதுக் கட்டுப்பாடு ஒன்று இருந்தது, 2 முதல் 21 வரை அனுமதி இல்லை என்று. அதாவது கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாம், இருபது வயதுக் காளை போகக்கூடாது. நான் இந்த மூன்றாம் பாகத்தைப் பார்த்தது 84 வாக்கில், மைத்துனர் வீட்டில், கோடு கோடாக ஓடிய காசெட்டில்.

அந்தப் படத்தில் வில்லன் யார் தெரியுமா? தொலைக்காட்சி விளம்பரம். ஒரு கம்பெனி முகமூடி விற்கிறது, குறித்த நேரத்தில் டிவியில் ஒரு பாட்டு வரும், முகமூடி போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரும் சாவார்கள். டிவியைப் பிசாசின் பெட்டி என்று சொன்ன அமைச்சர் இருந்த நாடு இது, 1976 வரை டிவியே இல்லை. வாங்கி எட்டு வருடம்கூட ஆகாத பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, பெட்டி பிள்ளைகளைக் கொல்லும் கதையைப் பார்த்தால் எப்படி இருந்திருக்கும்? என் மாமியார் எழுந்துபோய் டிவி மேல் துணியைப் போட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் செருப்படி வாங்கிய படம், எங்கள் வீட்டில் ஒரு வாரம் விளக்கணைக்க விடவில்லை.

இப்போது பாருங்கள், அந்த மூன்றாம் பாகத்தைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். எண்ட்ஸ் படத்தின் தலைப்பெழுத்து கூட அந்தப் படத்து நீல எழுத்துதான், யாரும் கவனித்தீர்களா? ஆரம்பத்திலேயே இயக்குநர் சொல்லிவிட்டார், இது அந்த வழியில் போகும் படம் என்று. நாம்தான் எழுத்தைப் பார்க்கவில்லை.

மூணாம்வரிசை (டர்பன்)

தாத்தா, நீல எழுத்தை நான் இரண்டாம் தடவைதான் பார்த்தேன். காலில் விழுகிறேன்.

கத்திக்குத்து_2004

நான் ஒரு விஷயம் மட்டும் சொல்லிட்டுப் போறேன். ரேடியோக்காரன் சாவு. நாக்கை அறுத்து, அது ஓடுற ரெக்கார்ட் மேல விழுந்து, ஊசி மாட்டிக்கிட்டு பாட்டு திரும்பத் திரும்ப அதே இடத்துல நிக்குது. அதுக்கே டிக்கெட் காசு சரியாப்போச்சு. மத்தபடி காதல் கதையெல்லாம் எனக்கு எதுக்கு.

பீனிக்ஸ்_அக்கா

இந்தப் பிள்ளையின் பெற்றோர் யார்?

தவில்சத்தம் (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

எல்லாரும் கதையைப் பேசுகிறீர்கள், அந்தப் பியானோவை யாருமே பேசவில்லை. 1978இல் கார்ப்பென்டரே போட்ட மெட்டு, அஞ்சுக்கு நாலு. நம் தாளக் கணக்கில் ஐந்து எண்ணும் கண்ட ஜாதிக்காரன். அவருடைய அப்பா சின்ன வயதில் போங்கோவில் அடித்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்த தாளமாம். பத்தாகப் பிரித்து வாயால் சொல்லிப் பாருங்கள்: தகிட தகிட தக தக, தகிட தகிட தக தக. தொடையில் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். நாலுக்குப் பழகிய காது ஒவ்வொரு சுற்றிலும் இல்லாத படியில் காலை வைக்கும். பயம் அங்கே இருக்கிறது, கத்தியில் இல்லை.

நான் தைப்பூசக் காவடிக்குத் தவில் வாசிக்கிறவன். காவடி தூக்கியவருக்கு அருள் வரவேண்டுமென்றால் நாங்களும் தாளத்தை இப்படித்தான் சாய்ப்போம், சமத்தில் நிற்கவிடாமல் தள்ளிக்கொண்டே போவோம். ஒரே வித்தை, அங்கே சாமி வருகிறது, இங்கே மைக்கேல் வருகிறான். எண்ட்ஸில் கார்ப்பென்டரும் மகனும் டேனியல் டேவிஸும் சேர்ந்து போட்ட இசையில் அந்தப் பழைய மெட்டு முழுசாக எப்போது வருகிறது, கோரிக்கு எப்போது வருகிறது என்று காதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தடவை கேளுங்கள். படத்தைத் திட்டுகிறவர்கள் அதற்கப்புறம் திட்டட்டும்.

சாண்ட்டன்_தமிழன்

தவில் அண்ணே, ஆபீசில் மேஜையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்து சீட்டுக்காரர் விநோதமாகப் பார்க்கிறார்.

சரி, ஒரு தகவல். முதல் ஹாலோவீன் அமெரிக்காவில் வெளியானது 1978 அக்டோபர் 25. நம் சிகப்பு ரோஜாக்கள் வந்தது அதே வருடம் அக்டோபர் 28. மூன்றே நாள் இடைவெளி! பாரதிராஜாவும் கார்ப்பென்டரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். அங்கே ஆறு வயதுப் பிள்ளை அக்காவைக் குத்துகிறான், ஏன் என்று படம் சொல்லவே சொல்லாது. டாக்டரே அவனைத் தீமை என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுகிறார். இங்கே கமலுக்குச் சின்ன வயதுக் கதை இருக்கிறது, அடிபட்ட பிள்ளை, கெடுத்த வளர்ப்பு அப்பா, எல்லாம் இருக்கிறது. நமக்குக் காரணம் வேண்டும். பேய்க்குக் கூட முன்கதை வேண்டும் நமக்கு. கோரி கதை ஒரு விதத்தில் தமிழ்ப் படத்து வழியில் போகிறது, ஒருவன் ஏன் கத்தி எடுத்தான் என்று ஒரு மணி நேரம் சொல்கிறது. அமெரிக்கக்காரன் அதற்குக் கோபப்படட்டும், நாம் ஏன் கோபப்பட்டோம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

மூணாம்வரிசை (டர்பன்)

இதைத்தான் நான் எழுத நினைத்து, எழுதாமல் விட்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வளர்ந்தது சாட்ஸ்வர்த்தில். எங்கள் தெருவில் பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிப்போகும் ஒரு மாமா இருந்தார். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, ஒரு மழை நாளில், பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவந்த ஒரு பிள்ளை அவர் வேனில் அடிபட்டுச் செத்துப்போனது. அவர் மேல் தப்பில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. தெரு சொல்லவில்லை. முதலில் பிள்ளைகளை அவர் வேனில் அனுப்புவதை நிறுத்தினார்கள். சரி, பெற்றவர்கள் மனது, அதைப் புரிந்துகொள்ளலாம். அப்புறம் கோவிலில் கஞ்சி ஊற்றும்போது அவர் பாத்திரத்தோடு வந்தால் வரிசையில் முன்னாலும் பின்னாலும் ஒரு ஆள் இடைவெளி விழ ஆரம்பித்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு ஆள் இடைவெளி, அவ்வளவுதான். பையன்கள் நாங்கள் அவர் கேட்டைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். மூச்சு விட்டால் அடுத்த சாவு நம்முடையது என்பது விளையாட்டு. அவர் ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இரண்டு வருடத்தில் அந்த மனிதர் ஆளே மாறிவிட்டார். குடி, வாய், யார் பார்த்தாலும் முறைப்பு. ஒரு நாள் ராத்திரி அவரே போய் யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலைக் கல்லால் உடைத்தார். மறுநாள் தெரு முழுக்க ஒரே வசனம்: பார்த்தியா, நான் அப்பவே சொன்னேனா இல்லையா. அந்தக் குரல்களில் இருந்த நிம்மதி இருக்கிறதே, அதை நான் பன்னிரண்டு வயதில் கேட்டேன். அப்புறம் அவர் டோங்காட்டில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

படத்தில் கோரியைப் பாலத்திலிருந்து தள்ளிவிடும் பையன்கள், நாங்கள்தான். மைக்கேல் நாலு வருடமாகக் கண்ணில் படவில்லை, ஊருக்குப் பயப்பட ஒரு ஆள் வேண்டும், கையில் கிடைத்தவன் இவன். லோரியையே கடைவாசலில் ஒருத்தி பிடித்து, நீதானே அவனைச் சீண்டினாய் என்று கேட்கிறாள். இது ஸ்லாஷர் படமா என்று கேட்டால், எனக்கு இதைவிடப் பயங்கரமான ஸ்லாஷர் தெரியாது. 2022இல் பார்த்தபோது ஏன் இது தெரியவில்லை? பின்வரிசைக்காரனோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேனே, எங்கே தெரியும்.

பீனிக்ஸ்_அக்கா

தம்பி, அந்த வேன்காரரை நினைத்து இரண்டு நாளாக இங்கே வந்து பதில் எழுத மனம் வரவில்லை. எங்கள் தெருவிலும் ஒருத்தி இருந்தாள், அது வேறு கதை.

ஆனாலும் விடமாட்டேன். நீ சொன்ன கதை இரண்டு வருடம் நடந்த கதை. படத்தில் நடப்பது எத்தனை நாள்? கோரி கையில் வெட்டுக்காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறான், லோரியின் பேத்தி அலிசன் பார்க்கிறாள், அடுத்த நாலைந்து நாளில் அவனோடு ஊரைவிட்டு ஓடத் தயார். அம்மாவை, அப்பாவை, நண்பர்களை மைக்கேல் கையில் பறிகொடுத்த பெண்! கோரியோ, ஒரு தடவை சாக்கடையில் மைக்கேல் கண்ணைப் பார்த்தான், அப்புறம் கொலைகாரன். அதற்கும் மேலே, நாற்பது வருடம் தீயிலும் துப்பாக்கியிலும் சாகாத அந்தப் பிசாசிடம் போய்ச் சண்டை போட்டு முகமூடியைப் பிடுங்கிக்கொண்டு வருகிறான், பக்கத்து வீட்டுப் பிள்ளை கையிலிருந்து மிட்டாய் பிடுங்கின மாதிரி. உன் வேன் மாமாவை ஊர் சொட்டுச் சொட்டாகக் கரைத்தது. இவர்கள் கோரியை ஒரே கொதியில் இறக்கிவிட்டார்கள். நல்ல அரிசிதான், வேகவில்லை.

இதையே 2018இலிருந்து மூன்று படமாக மெதுவாகச் செய்திருந்தால்? முதல் படத்திலேயே கோரி ஓரமாக வந்துபோயிருந்தால்? கடைசிப் படத்தில், கதாநாயகியின் கணக்கைத் தீர்க்கவேண்டிய இடத்தில், புதுப் பையனைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

கிரேத்தெருத்_தாத்தா

அக்காவுக்கு என் ஓட்டு. ஃப்ரைடே தி தர்டீந்த் வரிசையிலும் இதே கூத்து நடந்தது. நாலாம் பாகத்துக்குக் கடைசி அத்தியாயம் என்று பேர் வைத்து 1984இல் அந்த வரிசையின் முகமூடிக் கொலைகாரன் ஜேசனைக் கொன்றார்கள். 85இலேயே ஐந்தாம் பாகம். கடைசியில் முகமூடியைக் கழற்றினால் ஜேசன் இல்லை, ஆம்புலன்ஸ்காரன் ஒருவன்! ஜனங்கள் காறித்துப்பினார்கள். அடுத்த வருடமே இடி விழவைத்து ஜேசனைப் பிணமாகவே எழுப்பிக் கூட்டிவந்துவிட்டார்கள். முகமூடிக்குள் வேறு ஆள் என்ற வித்தை தமிழ் நாடகத்தில் நூறு வருடமாக ஓடுகிறது, ஸ்லாஷரில் மட்டும் ஏனோ செல்லவே செல்லாது.

தீவுக்காரி (ரெயூனியன்)

வணக்கம். நான் தமிழ் படித்தது சங்கத்து மாலை வகுப்பில், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

எங்கள் தீவு பிரான்சைச் சேர்ந்தது, இங்கே எங்களுக்கு பிரான்ஸ் சட்டம்தான். 2024இல் கொலைகாரக் கோமாளி வரும் டெரிஃபையர் 3 வந்தபோது 18 வயதுக்குக் கீழே யாருக்கும் அனுமதி இல்லை என்று தீர்ப்பு வந்தது, பேய்ப்படத்துக்கு அப்படி விழுவது இங்கே அபூர்வம். 17 வயது ஆன என் தம்பி மூன்று நாள் சாப்பிடவில்லை. நான் போனேன். பாதியில் வெளியே வந்து புனித செபஸ்தியார் படத்துக்கு முன்னால் நிற்கிறவள் மாதிரி போஸ்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன், மறுபடி உள்ளே போக அரை மணி நேரம் பிடித்தது.

நான் சொல்லவந்தது இது. டெரிஃபையர் 2, இரண்டரை லட்சம் டாலரில், ரசிகர்களிடமே சந்தா வாங்கி எடுத்த படம். 2022 அக்டோபரில் ஹாலோவீன் எண்ட்ஸ் ஓடிய அதே வாரங்களில்தான் அதுவும் ஓடியது. பார்த்தவர்கள் மயங்கி விழுந்தார்கள், வாந்தி எடுத்தார்கள் என்று செய்தி வந்து, அந்தச் செய்தியே கூட்டத்தைக் கூட்டி, ஒரு கோடி டாலருக்கு மேல் வசூல். அந்தக் கோமாளி போஸ்டரில் என்ன சொன்னானோ அதை அப்படியே செய்தான், ஒரு வார்த்தை மாறவில்லை. பெரிய கம்பெனிப் படத்தில் பெரிய யோசனை இருந்தது, வாக்குச் சுத்தம் இல்லை. சின்னப் படத்தில் யோசனை ஒன்றும் இல்லை, வாக்கு சுத்தம். ஜனங்கள் எதை மன்னிக்கிறார்கள் என்று பாருங்கள்.

கத்திக்குத்து_2004

அக்கா சொன்னது கரெக்ட். அந்தக் கோமாளி எங்காளு.

சாண்ட்டன்_தமிழன்

தீவுக்காரி, உங்கள் தமிழில் பிழை இல்லை, எங்களுக்குத்தான் இருக்கிறது.

ஆனால் வாக்குச் சுத்தம் மட்டும் போதுமென்றால் அப்புறம் எதற்குப் படம், கசாப்புக் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு வரலாமே. ஒவ்வொரு பாகத்திலும் அதே ஆள், அதே கத்தி, கூட இரண்டு லிட்டர் ரத்தம். எண்ட்ஸ் இயக்குநர் டேவிட் கோர்டன் கிரீன் தப்பு செய்தார்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஏதோ ஒன்றைச் செய்யப்போய்ச் செய்த தப்பு. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஒரு சின்னச் சந்தேகம், லோரியும் அலிசனும் மைக்கேலைக் காரின் கூரையில் கட்டி ஊர்வலமாகப் பழைய இரும்புக்கடைக்குக் கொண்டுபோய் ஊர் பார்க்க அரைவை இயந்திரத்தில் போடுகிறார்களே, அந்தக் காட்சி யாருக்காவது சிரிப்பாக இருந்ததா? எனக்கு மட்டும்தானா?

தவில்சத்தம் (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர் மொத்தமும் ஒன்றும் பேசாமல் பின்னால் நடந்துவருகிறது, ராத்திரி, கார் விளக்கு மட்டும். சூரசம்ஹாரம் முடிந்து திரும்பிவரும் கூட்டம் மாதிரி இருந்தது. மேளம் ஒன்றுதான் குறை.

மூணாம்வரிசை (டர்பன்)

அந்த ஊர்வலத்தைப் பற்றி ஆயாவிடமிருந்து ஒரு செய்தி இருக்கிறது.

நேற்று இந்த இழையைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன், தாத்தாவின் மாமியார் டிவி மேல் துணி போட்டதற்கு ஆயா விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் அந்தக் கடைசிக் காட்சியைப் போடு பார்க்கலாம் என்றார்கள். புரட்டாசி இல்லை, போட்டேன். எண்பத்திரண்டு வயது, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கையில் டீயோடு, அரைவை இயந்திரத்தில் ஆள் நசுங்குவதைக் கண் சிமிட்டாமல் பார்த்தார்கள். நல்ல வேலை செய்தாள் அந்தப் பொம்பளை என்றார்கள். (அக்கா, கவனிக்கவும். லோரிக்கு ஒரு ஓட்டு.)

கடைசியில் லோரி வீட்டு மேஜை மேல் முகமூடி மட்டும் தனியாக இருக்குமே, அந்த இடம் வந்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"ஆளைப் போட்டாளே, அதை ஏன் போடவில்லை?"

தெரியவில்லை ஆயா, ஞாபகத்துக்கு வைத்திருக்கிறாளோ என்னவோ என்றேன்.

"ஞாபகத்துக்கா? செத்தவன் சட்டையையே நாம் வீட்டில் வைக்கமாட்டோம். எலுமிச்சம்பழம் கூட அறுக்கவில்லை. எழுதி வைத்துக்கொள், இவன் திரும்ப வருவான்."

சொல்லிவிட்டு எழுந்துபோனார்கள். போகிற போக்கில் அந்த டிவிக்காரப் படம், மூன்றாம் பாகம், அது எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். தாத்தா, காசெட் இன்னும் இருக்கிறதா?